காரணமில்லாத சிரிப்பு

இந்தக் கதையைப் பல வருடமாகவே நான் முழுசாக நம்பியதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொன்னவர் படித்தவர். கல்லூரியில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். அதனால் நம்பினேன். அதனாலேயே சந்தேகமும் பட்டேன்.

உங்கள் மடியில் இருக்கிற புத்தகம்தான் என் வாயைக் கிளறிவிட்டது. மகளுக்கா? மனோதத்துவம் படிக்கிறாளா? நல்லது, படிக்கட்டும். கொஞ்சம் கொடுங்கள். இதோ, இந்த அத்தியாயம்தான். ‘இயல்பு பிறழ்ந்த நடத்தை.’ நான் அம்பாசமுத்திரத்தில் கிளை நூலகர், சார். இதன் பழைய பதிப்பு எங்களிடம் இருக்கிறது. அதை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்த ஒரே வாசகன் நான்தான். படித்ததில் தூக்கம் போனதுதான் மிச்சம்.

நீங்களும் அம்பை வரைக்கும்தானே? அப்படியானால் நேரம் இருக்கிறது. பஸ் சேரன்மகாதேவி தாண்டவே இவர்கள் ஒரு யுகம் எடுத்துக்கொள்வார்கள்.

என் அண்ணன் கோமதிநாயகம். மின்வாரியத்தில் இருந்தார். கம்பத்தில் ஏறி வேலை பார்க்க ஆரம்பித்து ஃபோர்மேனாக முடித்தவர். ஒரே வீடுதான் எங்களுக்கு. மாடியில் அவரும் மதினியும், கீழே நாங்கள். எனக்கும் அவருக்கும் பேச்சு கிடையாது. சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். சண்டையெல்லாம் இல்லை. பேச்சு இல்லை, அவ்வளவுதான். உங்கள் குடும்பத்திலும் இருக்கும். இருக்கிறதா? பார்த்தீர்களா, தலையை ஆட்டுகிறீர்கள்.

காரணம் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். என் மூத்த மகள் கல்யாணப் பத்திரிகையில் அழைப்பவர் இடத்தில் முதல் பெயர் அண்ணன் பெயர்தான். நான்தான் போடச் சொன்னேன். ஊரெல்லாம் நானும் என் மனைவி வடிவும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொடுத்தோம். மாடிக்கு மட்டும் ஏறவில்லை. ஏன் ஏற வேண்டும்? அழைக்கிறவரையே போய் அழைப்பார்களா? மதினி அப்படி நினைக்கவில்லை. ‘நாலு தெரு தாண்டிப் போகத் தெரிஞ்சவங்களுக்கு நாலு படி ஏறத் தெரியலையா’ என்று கேட்டிருக்கிறாள். அண்ணன் கல்யாணத்துக்கு வந்தார். மண்டப வாசலில் நின்று எல்லாரையும் கைகூப்பி வரவேற்றார். சந்தனம் கொடுத்தார். சாப்பிடாமல் போய்விட்டார். சம்பந்தி வீட்டார் எல்லாரும் பார்க்க, பந்தியைக் கடந்து, கையை வீசிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் நான் எப்படிப் பேச முடியும்?

பெண்கள் பின்கட்டில் பேசிக்கொள்வார்கள். அது கணக்கில் வராது.

எங்கள் வம்சத்தில் இது சகஜம். கல்லிடைக்குறிச்சியில் சித்தப்பா மகன் பிறவிப்பெருமாள் இருக்கிறான். எங்கள் அப்பா இறந்தபோது நீர்மாலைக்கு, அதுதான் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரப் போவார்களே, அதற்கு அவன் வரவில்லை. முடிந்தது. வீரவநல்லூர் அத்தை வீட்டில் ஒரு வளைகாப்பில் எங்கள் அம்மாவைக் கடைசியாக வளையல் போடக் கூப்பிட்டார்கள். முடிந்தது. இதெல்லாம் ஒரு சாவு விழுந்தால் சரியாகும். இல்லையென்றால் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது.

அண்ணன் ஓய்வு பெற்றார். கொஞ்ச நாள் மொட்டை மாடியில் வடகத்துக்குக் காவல் இருந்தார். பிறகு ஒரு நாள் காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு, பஸ் ஏறி, நேராகப் பிறவிப்பெருமாள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, “டே, காப்பி இருக்கா?” என்று கேட்டிருக்கிறார்.

சாவு இல்லை. கல்யாணம் இல்லை. ஒரு காரணமும் இல்லை. சும்மா.

பிறவிப்பெருமாள் மிரண்டுபோனான். காப்பி கொடுத்துவிட்டு, உள்ளே போய் என் மனைவிக்குப் போன் போட்டு, “மதினி, அண்ணாச்சிக்கு உடம்புக்கு ஏதும் சொல்லியிருக்காங்களா? நாள் குறிச்சிட்டாங்களா?” என்று அழுகிற குரலில் கேட்டான். மறுநாள் அண்ணன் வீரவநல்லூர் போனார். அத்தை இவரைத் தெருமுனையில் பார்த்ததுமே பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் வாசல்படியில் உட்கார்ந்து, “அத்தே, எவ்வளவு நேரம்தான் சாமி கும்பிடுவிய? வெளிய வாங்க, முறுக்கு வாங்கியாந்திருக்கேன்” என்று கத்தியிருக்கிறார். தெருவே வேடிக்கை பார்த்ததாம். இப்படி வீடு வீடாக. எந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சு இல்லையோ, தேடித் தேடி அந்த வீடாக.

எல்லா வீட்டையும் முடித்துவிட்டு, ஒரு காலையில் மாடிப்படி இறங்கிக் கீழே வந்தார்.

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். “ஏல, என்ன செய்தி?” என்றார். நான் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்? இறங்கி வந்துவிட்டார் என்பதற்காக, யாரும் நடுவில் இல்லாமல், நானாகப் பேசிவிட முடியுமா? எழுந்து போவார் என்று பார்த்தேன். போகவில்லை. பேப்பரின் கடைசிப் பக்கம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. அதை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். சத்தமாக. கிரிக்கெட் செய்தி. பிறகு ஒரு மூட்டுவலித் தைல விளம்பரம். “ஏல, இந்தத் தைலம் உனக்குத்தான். கையைத் தூக்கிக்கிட்டே இருக்கியே, வலிக்கலையா?” என்றார். பக்கத்தைப் புரட்டினால் முகம் தெரியும். அதனால் நான் ஒரே பக்கத்தை மறுபடியும் மறுபடியும் படித்தேன்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். தினமும் அவர் பின்பக்கம், நான் முன்பக்கம். வடிவு கதவோரம் நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொள்வாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள்தான் தன் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

அந்த அண்ணன்தான் பேராசிரியர் ஆவுடையப்பன். பாளையங்கோட்டையில் இருக்கிறார். இப்போது அவர் வீட்டிலிருந்துதான் வருகிறேன்.

அவர் வந்த ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கூடத்தில் சொந்தம் முழுவதும் கூடியிருந்தது. அண்ணனுக்குப் புத்தி சரியில்லை என்று கவலைப்பட்டு வந்தவர்கள். இதில் பிறவிப்பெருமாளும் வீரவநல்லூர் அத்தையும் ஒருத்தருக்கொருத்தர் பேசுவதில்லை. எனக்கு அவர்கள் இரண்டு பேரோடும் பேச்சில்லை. ஆளுக்கு ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் பேராசிரியர் வழியாகத்தான் பேசினோம். “காப்பி ஆறுதுன்னு அவுககிட்ட சொல்லுங்க.” “சர்க்கரை கூடுதல்னு அவங்ககிட்ட சொல்லுங்க.” அவரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி, கழுத்து வலிக்க எல்லாவற்றையும் சொன்னார். மூன்றடியில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சர்க்கரைச் சேதி கொண்டுபோகிற அந்த மனிதர்தான் எது இயல்பு என்று சொல்ல வந்தவர்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பு எடுப்பது போல ஆரம்பித்தார். ஒருவருடைய நடத்தை இயல்பானதா, பிறழ்ந்ததா என்று எங்கள் துறையில் சும்மா சொல்லிவிட மாட்டோம், அதற்கு அளவுகோல்கள் இருக்கின்றன என்றார். உங்கள் மகள் புத்தகத்தில் இருக்கிறதே, அதேதான். அபூர்வமாக நடப்பதா, சமூக வழக்கத்தை மீறுகிறதா, வேதனை தருகிறதா, அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கிறதா, ஆபத்து உண்டா. ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“உங்க குடும்பத்துல இதுக்கு முன்னால யாராவது இப்படிக் காரணமில்லாம, தானாப் போயிப் பேசுனது உண்டா?”

எல்லாரும் யோசித்தார்கள். உண்மையாகவே யோசித்தார்கள். “எங்களுக்குத் தெரிஞ்சு இல்ல” என்றாள் அத்தை.

“அப்ப, அபூர்வம். வழக்கத்தை மீறுறது?”

“அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கோம்” என்றான் பிறவிப்பெருமாள், சுவரைப் பார்த்து.

“அவருக்கு இதனால வேதனை இருக்கா? அழுறாரா, தூங்காம இருக்காரா?”

“அவருக்கு என்ன வேதனை? எங்களுக்குத்தான் வேதனை. முறுக்கைக் காட்டி மானத்தை வாங்கிட்டாரு.”

“அதுவும் சேரும்” என்றார் பேராசிரியர்.

அன்றாட வாழ்க்கை என்று வரும்போது கொஞ்சம் தடங்கல். அண்ணன் சந்தைக்குப் போகிறார், காய் வாங்குகிறார், தெருவில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் போய்ப் போட்டுக் கொடுக்கிறார். ஓய்வு பெற்றவர்களுக்கு அந்த அளவுகோல் சரியாகப் பொருந்தாது என்று பேராசிரியர் அதைத் தள்ளிவைத்தார். ஆபத்து உண்டா என்றதற்கு, அண்ணன் வீரவநல்லூரில் அவள் வாசலுக்கு வரும்போது ரோட்டை இரண்டு பக்கமும் பார்க்காமல்தான் தாண்டுகிறார் என்று அத்தை சொன்னாள். அதுவும் சேர்ந்தது.

என்னைப் பேச்சில் இழுக்காதீர்கள் என்று முகத்தை வைத்துக்கொண்டு இருந்தேன். பேச்சில்லாத ஒருவரைப் பற்றி நான் கருத்துச் சொல்வது முறையா?

பிறகு பேராசிரியர், “நேர்ல பாத்துட்டு வாரேன்” என்று மாடிக்குப் போனார். மதினி கோயிலுக்குப் போயிருந்தாள். அரை மணி நேரம் இருக்கும். இறங்கி வந்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னதுதான் நான் பல வருடமாகச் சந்தேகப்படுகிற அந்தக் கதை.

“நான் சாதாரணமாத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். திடீர்னு சிரிக்க ஆரம்பிச்சுட்டாரு. காரணமே இல்ல. தரையைப் பாத்துச் சிரிக்காரு. நிறுத்த முடியல அவரால. தனியா, தனக்குள்ள சிரிக்காரு. மத்ததை விடுங்க. இது ஒண்ணு போதும்.”

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாவம், நல்லா இருந்த மனுசன்” என்றாள். பூஜை அறைக்குள் ஒளிந்தவள் அவள்தான்.

திருநெல்வேலியில் டாக்டர் ஒருவர், பேராசிரியருக்கு வேண்டியவர். அவர் அண்ணனிடம் அதிகம் கேட்கவில்லையாம். “சார் எல்லாம் சொன்னாங்க” என்றாராம். மாத்திரை எழுதினார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அண்ணன் மறுக்கவில்லையாம், மதினி சொன்னதாக வடிவு சொன்னாள். ‘எல்லாரும் சேந்து ஒரு முடிவுக்கு வந்திருக்காங்களே, அதுவே பெரிசு’ என்று விழுங்கினாராம்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. ஒரு மாதத்தில் யார் வீட்டுக்கும் போவதில்லை. கீழே இறங்குவதில்லை. கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. சொந்தக்காரர்கள் போன் செய்து விசாரித்தார்கள். “இப்ப எப்படி இருக்காரு?” “யாரோடயும் பேசுறதில்ல.” “அப்பாடா, சரியாயிட்டாருன்னு சொல்லுங்க.” நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சார். இதே வார்த்தை. பேராசிரியர் இதைத் தன் வகுப்பில் எடுத்துக்காட்டாகவே சொல்லியிருக்கிறார், பெயர் சொல்லாமல். சிகிச்சை பலித்த எடுத்துக்காட்டு.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். காரணத்தோடுதானே சிரிக்கிறீர்கள்?

என் சந்தேகத்துக்கு வருகிறேன். அண்ணனும் பேராசிரியரும் உட்கார்ந்து பேசிய அறை என் அறைக்கு நேர் மேலே. அவர் மாடி ஏறியதும் நான் என் அறைக்கு வந்துவிட்டேன். கூடத்தில் அத்தைக்கு எதிரே எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்ப்பது? மின்விசிறியை நிறுத்தினேன். அது கொஞ்ச நாளாகவே கிறீச்சென்று சத்தம் போடும், எனக்குத் தலைவலி. கட்டில் மேல் ஏறி நின்றது பரண் மேல் ஒரு பெட்டியைப் பார்க்க. ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. பேச்சில்லாதவர் என்ன பேசினால் எனக்கென்ன? ஆனால் பழைய மச்சு. மேலே நாற்காலி நகர்ந்தாலே கீழே தெரியும். அண்ணன் ஏதோ சொன்னார். வார்த்தை பிடிபடவில்லை. தணிந்த குரல், கடைசிப் பக்கம் வாசிப்பாரே அந்தக் குரல். பிறகு சிரிப்பு.

ஒரு சிரிப்பு இல்லை. இரண்டு.

அண்ணன் சிரிப்பு எனக்குத் தெரியும். வாயைத் திறந்து வெடித்துவிட்டு நிறுத்திவிடுவார். இன்னொன்று மெதுவாகக் கிளம்பி, மேலே ஏறி, இழுப்பாகி, கடைசியில் இருமலில் முடிந்தது. அப்படிச் சிரிக்கிற ஆள் எங்கள் சொந்தத்தில் ஒருவர்தான். என் கல்யாணத்தில் நான் தாலியைத் தலைகீழாகப் பிடித்தபோது அப்படித்தான் சிரித்தார். அவருக்கு ஆஸ்துமா.

அப்படியானால் காரணமில்லாமல், தனியாக, தனக்குள் சிரித்தார் என்பது என்ன? இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால் அதற்கு வியாதி என்று பெயரா, பேச்சு என்று பெயரா? நானும் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எந்த நடத்தையையும் அதன் சூழ்நிலையிலிருந்து பிய்த்துத் தனியாகப் பார்க்கக் கூடாது, எந்த ஒரு அளவுகோலும் தனியாகப் போதாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. பேராசிரியர் அந்த வரியை எங்களுக்கு வாசிக்கவில்லை. அந்த வரியில் நான் பென்சிலால் கோடு போட்டேன். நூலகப் புத்தகத்தில் கோடு போடுகிறவர்களைப் பெயர் சொல்லித் திட்டுகிறவன் நான்.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். எப்படிச் சொல்வது? கூடத்தில் எழுந்து நின்று, ‘பேச்சில்லாத அண்ணன் என்ன பேசுகிறார் என்று விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டேன்’ என்றா? அத்தை அதை வைத்துக்கொண்டே ஊரைச் சுற்றியிருப்பாள். விசிறி சத்தம் போட்டது என்று சொன்னால் நம்புவார்களா? நீங்களே நம்பவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

வீரவநல்லூர் வந்துவிட்டதா? அதோ அந்தப் பச்சைக் கதவுதான் அத்தை வீடு. திரும்பாதீர்கள், வாசலில் நிற்பாள்.

விஷயம் இப்போது ஏன் கிளம்பியது என்று சொல்கிறேன். அண்ணனுக்குக் கை நடுங்குகிறது. டம்ளர் பிடிக்க முடியவில்லை. கம்பத்தின் உச்சியில் நின்று ஒரு கையால் கம்பி முறுக்கியவர். போன வாரம் மதினி அவரை அம்பையில் புதிதாக வந்திருக்கிற ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போயிருக்கிறாள். அந்தப் பெண் மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு, “இது எதுக்காக ஆரம்பிச்சது? அப்ப இவருக்கு என்ன இருந்துச்சு?” என்று கேட்டிருக்கிறாள். மதினி, “சிரிச்சாராம்” என்றிருக்கிறாள். “சிரிச்சாரா? வேற?” “வேற... எல்லார் வீட்டுக்கும் போனாரு.” அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாளாம். திடீரென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், அதற்கு முன் ஆரம்பத்தில் இவரைப் பார்த்தவர் என்ன பார்த்தார் என்று சரியாகக் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றிருக்கிறாள். மதினி பின்கட்டில் வடிவிடம் சொல்லி அழுதாள். வடிவு என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, “உங்களுக்கு ஏதாவது தெரியுமா?” என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

இன்று காலையிலும் நான் பேப்பரை அப்படித்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முகத்துக்கு நேராக, உயர்த்தி. எதிரே நாற்காலி காலி. இவ்வளவு வருடமாகியும் மடியில் வைத்துப் படிக்க வரவில்லை. கை பழகிவிட்டது. பேப்பரை மடித்தேன், சட்டையை மாட்டினேன், பஸ் ஏறிவிட்டேன்.

என்ன? இவ்வளவு தூரம் போவானேன், மாடி ஏறி அண்ணனிடமே கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? உங்களிடம் இவ்வளவு நேரம் என்ன சொல்லிக்கொண்டு வருகிறேன், சார்? எங்களுக்குள் பேச்சு கிடையாது. கல்யாணப் பந்தியைத் தாண்டிப் போனவர் அவர். இத்தனை பேர் கூடினோமே, அண்ணன் ஏன் சிரித்தார் என்று அவரிடம் ஒருத்தராவது கேட்டார்களா? பேராசிரியர் கேட்டாரா, டாக்டர் கேட்டாரா, கண்ணைத் துடைத்தாளே அத்தை, அவள் கேட்டாளா? ஒரு மனிதர் பல வருடமாகத் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார், ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. படித்த கூட்டம்!

பேராசிரியருக்கு இப்போது வயதாகிவிட்டது. மூச்சுக்கு ஒரு குப்பியைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். “வாங்க மாப்ள, வடிவு வரலையா?” என்றார். அண்ணன் கை நடுக்கத்தைச் சொன்னேன். டாக்டரம்மா கேட்டதைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் அதே கதையைச் சொன்னார். அதே வார்த்தைகள். காரணமே இல்லை. தரையைப் பார்த்து. தனியாக. தனக்குள். வகுப்பில் சொல்லிச் சொல்லி வழுவழுவென்று ஆகியிருந்தது.

தரையைப் பார்த்து. அந்தத் தரைக்குக் கீழே கட்டில் மேல் நின்றுகொண்டிருந்தவன் நான். அது எனக்கு இன்று அவர் மறுபடியும் சொல்லக் கேட்டபோதுதான் உறைத்தது.

அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை. ஆறட்டும் என்று விட்டுவிட்டு, அவர் கண்ணைத் திறக்கும் வரை காத்திருந்தேன். பிறகு கேட்டேன்:

“அன்னைக்கு நான் கீழதான் இருந்தேன் மச்சான். ரெண்டு பேர் சிரிச்ச சத்தம் கேட்டுது. எங்கண்ணன் அப்படி என்ன சொன்னாரு, நீங்களும் சேந்து சிரிக்கிற மாதிரி?”